தையல் டீச்சர் வீட்டுப் போர்வை

பிப்ரவரி 18, சாம்பல் புதன்

நெற்றியில் பூசிய சாம்பல் உதிர்வதற்குள் என் மகள் ரெஜினா இந்தத் தவக்காலத்துக்கான குடும்ப ஒறுத்தலை அறிவித்துவிட்டாள். ஈஸ்டர் வரைக்கும் சாயங்காலம் டி.வி. கிடையாது, கைபேசி கிடையாது. அதற்குப் பதிலாக எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து ஒரு போர்வை தைக்க வேண்டுமாம். குவில்ட் என்று அதற்குப் பெயர். பழைய துணிகளைச் சதுரம் சதுரமாக வெட்டி ஒட்டுப் போட்டு, நடுவில் பஞ்சு விரித்து, அடியில் இன்னொரு துணி கொடுத்து, மூன்றையும் பிடித்து வரிசை வரிசையாக நூலோட்டுவது. அமெரிக்காவில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து செய்கிறார்களாம். அங்கே பனி கொட்டுகிறது, செய்கிறார்கள். திருச்சியில் பங்குனி பிறந்தால் மேலே துண்டு போட்டுக்கொண்டுகூடப் படுக்க முடியாது. இங்கே பஞ்சுப் போர்வை.

பெண்கள் பள்ளியில் முப்பத்தொரு வருடம் தையல் டீச்சராக இருந்தவள் நான். இந்த வீட்டில் ஒரு பட்டன் அறுந்தாலும் “அம்மா” என்று தூக்கிக்கொண்டு வருகிற கூட்டம், இப்போது போர்வை தைக்கப் போகிறது.

“சூப்பர் ஐடியா ரெஜி,” என்றார் மாப்பிள்ளை அமல்ராஜ். சாம்பார் அடிப்பிடித்தாலும் சூப்பர் என்கிறவர். மாடியில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் என்னமோ வேலை பார்க்கிறார். யாரும் பார்க்காத வீட்டுக்குள்ளேயே கழுத்தில் அட்டை மாட்டிக்கொள்கிறார்.

“நானும் தைக்கிறேன்,” என்றார் என் வீட்டுக்காரர். சவரிமுத்து, பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் கடைசல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரும்பைக் கடைந்தவருக்கு ஊசி எதற்கு என்று சிரித்துவிட்டேன். யாரும் கூடச் சிரிக்கவில்லை.

அவருக்குக் காபியை முக்கால் தம்ளர்தான் கொடுக்கிறேன். நிறையக் கொடுத்தால் சட்டைக்குப் போகிறது. கவனக்குறைவு. வயதானால் ஆண்களுக்கு எல்லாவற்றிலும் ஓர் அலட்சியம் வந்துவிடுகிறது.

பிப்ரவரி 19, வியாழன்

முதல் வகுப்பு நடந்தது. டீச்சர் ஒரு வெள்ளைக்காரி, கைபேசிக்குள்ளே இருக்கிறாள். ஆக, கைபேசி ஒறுத்தல் ஒரே நாளில் முறிந்தது. அவள் “ஹாய்” என்றதும் என் பேத்தி ஜோஷ்னா மரியாதையாகப் பதிலுக்கு “ஹாய்” சொன்னாள். நாலாம் வகுப்புப் படிக்கிறது, அது ஒன்றுக்குத்தான் இந்த வீட்டில் மரியாதை தெரியும்.

மாப்பிள்ளை தன் பழைய ஜீன்ஸை வெட்டினார். சதுரம் என்று அவர் வெட்டியதில் நாலு பக்கமும் நாலு அளவு. என் மகள் ஊசியில் ஆள் உயரத்துக்கு நூல் கோத்துக்கொண்டு, சிக்குகிறது சிக்குகிறது என்று அழுதாள். முழம் நூலுக்கு மேல் கோக்கக் கூடாது என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். என் வயிற்றில் பிறந்தவளுக்குத் தெரியவில்லை.

“நீயும் வந்து உக்காரேம்மா.”

“எனக்குக் கண்ணு வலிக்குது.”

“டி.வி. பாக்குறப்ப மட்டும் வலிக்காதா?”

என் வீட்டுக்காரருக்கு ரெஜினாதான் ஊசி கோத்துக் கொடுத்தாள். மணிக்கட்டைத் தொடையில் அழுத்தி ஊன்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு தைத்தார். தைக்கிறவர்கள் உட்காரும் விதமா அது? பள்ளிக்கூடமாக இருந்தால் எழுப்பி நிற்க வைத்திருப்பேன்.

பிப்ரவரி 20, வெள்ளி

சுத்தபோசனம், கறி கிடையாது. வாழைக்காய் வறுவல். ஜீன்ஸ் சதுரம் ஆறு, லுங்கிச் சதுரம் ஒன்பது. பார்க்கச் சகிக்கவில்லை.

பிப்ரவரி 22, ஞாயிறு

பூசையில் இப்போதெல்லாம் அவர் நன்மை அப்பத்தை நாவில் வாங்குகிறார். இத்தனை வருடமாகக் கையை நீட்டி வாங்கிய மனிதர், ஆறு மாதமாக வாயைத் திறந்து நிற்கிறார். பக்தி முற்றிவிட்டது என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

கோயில் வாசலில் ஸ்டெல்லா பிடித்துக்கொண்டாள். மாப்பிள்ளையின் அம்மா. எதையும் மெதுவாகப் பேசத் தெரியாது. பத்துப் பேர் காதில் விழும்படி, “என்ன டீச்சர், சம்பந்திக்கு வலது கை ஒரு மாதிரி ஆடுது?” என்றாள்.

“வெறும் வயித்துல பூசைக்கு வந்திருக்காரு. பசி,” என்றேன்.

“பசிக்கு ஒரு கையா ஆடும்?”

அவள் ரவிக்கையில் கை சேருமிடத்தில் சுருக்கம் விழுந்திருந்தது. யார் தைத்தது என்று கேட்டேன். அதோடு பேச்சு மாறிவிட்டது. இப்படிப்பட்டவர்களின் வாயை அடைக்க எனக்குத் தெரியும்.

பிப்ரவரி 24, செவ்வாய்

மதியம் அவர் தூங்கும்போது கூடத்தைப் பெருக்கினேன். போர்வை சோபா மேல் விரித்துக் கிடந்தது. சதுரங்களை ஒட்டி முடித்து இப்போது நூலோட்டம் ஆரம்பித்திருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு பக்கம். ரெஜினாவின் வரிசை கோணல். மாப்பிள்ளை ஒரு தையல் அரை அங்குலத்துக்கும் அடுத்ததைக் கடுகளவுக்கும் போட்டிருக்கிறார். ஜோஷ்னா பாதியில் விட்டுவிட்டு ஒரு பூனை வரைந்திருக்கிறாள்.

அவருடைய வரிசையைப் பார்த்தேன். ஒரு வரிசைதான். அங்கங்கே ஒரே இடத்தில் ஏழெட்டு முறை ஊசி குத்தித் துணி புண்ணாகியிருந்தது. நூல் மேலே ஏறி, கீழே இறங்கி, ஓரிடத்தில் வழி தவறியதுபோல் பக்கத்துச் சதுரத்துக்குள் போய்த் திரும்பியிருந்தது. ஒரு துளி ரத்தக் கறை.

ஒர்க்‌ஷாப்பில் மயிரிழை தப்பினால் மொத்தத்தையும் தூக்கிப் போட்டுவிடுவேன் என்று பீற்றிக்கொண்ட மனிதர் இவர். கல்யாணமான புதிதில் என் வளையல் வளைந்துவிட்டது என்று கொடுத்தபோது, எங்கே வளைந்தது என்றே தெரியாமல் நிமிர்த்திக் கொடுத்தவர்.

தையல் டீச்சர் வீட்டில் இப்படி ஒரு தையல் கிடந்தால் என் பெயர் என்னாவது? கத்தரிக்கோல் நுனியால் பிரித்தேன். கறை மேல் எச்சில் தொட்டுத் தேய்த்தேன். அதே நூலில் நேராக ஓட்டினேன். கால் மணி நேர வேலை.

பிப்ரவரி 25, புதன்

நேற்றுச் சாயங்காலம் அவர் போர்வையைக் கையில் எடுத்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

“ரெஜி, இங்க வா. இது நேத்து நான் தச்சதுதான?”

“ஆமாப்பா, உங்க பக்கம்தான்.”

“தைக்கிறப்ப கோணலாப் போற மாதிரிதான் இருந்துச்சு. இப்பப் பாரு, கம்பி கணக்கா இருக்கு.”

முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. அந்த முகத்தைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று. நான் அடுப்படியில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை எதற்கு மறைக்க வேண்டும்.

மார்ச் 1, ஞாயிறு

ரெஜினா என்னை அடுப்படியில் மடக்கினாள். டாக்டரிடம் அடுத்த தடவை நீயும் வா என்கிறாள். போன மாதம் அவள்தான் அழைத்துக்கொண்டு போய்க் காட்டினாள். ஏதோ ஒரு வெள்ளைக்காரன் பெயரில் ஒரு வியாதியாம். அந்தப் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்கிறாள். நரம்புத் தளர்ச்சி, பேரீச்சம்பழமும் பாலும் கொடுத்தால் சரியாகிவிடும் என்றேன்.

“இது அது இல்லம்மா. மெதுவா ஏறிக்கிட்டேதான் போகும். மாத்திரைய எவ்வளவு குடுக்கணும்னு நாமதான் கவனிச்சுச் சொல்லணும்.”

டாக்டர் ஸ்கூட்டர் ஓட்டக் கூடாது என்று சொன்னாராம். சாவி ரெஜினாவின் அலமாரியில் இருக்கிறது. வீட்டுத் தலைவரின் வண்டிச் சாவியை மகள் பூட்டி வைக்கிற காலம்.

மார்ச் 4, புதன்

இன்றைக்கு இரண்டு வரிசை பிரித்தேன். சமையலுக்கு நேரமாகிவிட்டது. ரசம் மட்டும்.

மார்ச் 7, சனி

எங்கள் தெரு அன்பியத்தின் ஜெபக் கூட்டம் எங்கள் வீட்டில். பன்னிரண்டு பெண்கள் வந்தார்கள், ஒருத்திக்கும் ஜெபமாலை ஒழுங்காகச் சொல்ல வராது. சுண்டல் தின்னும்போது போர்வையைப் பார்த்துவிட்டார்கள். எல்லோரும் ஒரு பக்கத்தையே தடவித் தடவிப் பார்த்து, “டீச்சர் கைன்னா டீச்சர் கைதான்,” என்றார்கள்.

“அது நான் தச்சது,” என்றார் அவர், நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து.

ஒருத்தியும் நம்பவில்லை. நான், “அவர்தான்,” என்றேன். ஜெபமாலை கையில் இருந்தது. பொய் சொல்வதற்கு இன்னும் நல்ல வேளை பார்த்திருக்கலாம்.

மார்ச் 12, வியாழன்

வேலை கூடிவிட்டது. கை தேறிவிட்டது என்ற தைரியத்தில் அவர் தினம் மூன்று வரிசை போடுகிறார். மூன்றையும் மதியத்தூக்கத்துக்குள் பிரித்துத் தைக்க வேண்டும். ரெஜினா நேற்று அவருடைய வரிசையைக் கொஞ்சம் அதிகமாகவே உற்றுப் பார்த்தாள். அதனால் இன்று முதல் கொஞ்சம் பிசகாகத் தைக்கிறேன். பத்துத் தையலுக்கு ஒன்று சிறிதாக, ஒன்று லேசாக விலகி. எத்தனையோ பெண்பிள்ளைகளின் கையைப் பிடித்து நேர்க்கோடு பழக்கியவள், இந்த வயதில் உட்கார்ந்து கோணல் பழகுகிறேன். அதுவும் சுலபமாக வரமாட்டேன் என்கிறது. கை தானாக நேராகப் போகிறது.

மாப்பிள்ளை தன் வரிசையை என்னிடம் காட்டி, “எப்படி அத்தை இருக்கு?” என்றார். “மாடு நடந்த மாதிரி இருக்கு,” என்றேன். சூப்பர் என்று சிரித்துக்கொண்டே போனார். இந்த மனிதருக்கு ரோஷம் என்று ஒன்றை ஆண்டவர் வைக்க மறந்துவிட்டார்.

மார்ச் 16, திங்கள்

டாக்டரிடம் போய் வந்தார்கள். நான் மாவரைக்க வேண்டும் என்று போகவில்லை.

கைபேசியில் போர்வையைப் படம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினாராம். டாக்டர் அசந்துபோனாராம். இவ்வளவு நுணுக்கமான வேலை செய்ய முடிகிறதென்றால் மாத்திரையைக் கூட்ட வேண்டாம், இப்போதைய அளவே போதும் என்றாராம். அவர் இதை எனக்கு இரண்டு தடவை சொன்னார். ஜோஷ்னாவுக்கு ஒரு தடவை. பால்காரருக்கு ஒரு தடவை.

மாவு நன்றாகப் பொங்கியிருக்கிறது. நாளைக்கு இட்லி. வேறு எழுத ஒன்றும் இல்லை.

மார்ச் 17, செவ்வாய்

இட்லி கல்லாக இருந்தது. இன்று எதையும் பிரிக்கவில்லை என்று நினைத்தேன். பிறகு பிரித்தேன். பாதியில் நிறுத்தினால் நேற்றுவரை நன்றாகத் தைத்தவருக்கு இன்று என்ன வந்தது என்று கேட்கமாட்டார்களா?

மார்ச் 20, வெள்ளி

சிலுவைப் பாதை முடிந்து வந்ததும் அவர் ஸ்கூட்டர் சாவியைக் கேட்டார்.

“டாக்டர் வேணாம்னு சொல்லியிருக்காருப்பா,” என்றாள் ரெஜினா.

“அது அப்ப. இப்ப அவரே நல்லாருக்குன்னுட்டாரு.” போர்வையை இழுத்து மடியில் போட்டு, வரிசைகளைத் தட்டிக் காட்டினார். “இதத் தைக்கிற கை வண்டி ஓட்டாதா? ஞாயித்துக்கிழமை பிள்ளைய மறைக்கல்விக்கு நான்தான் கூட்டிட்டுப் போவேன். ஒரு மாசத்துக்கு மேல அடுத்தவன் பின்னாடி உக்காந்து போறேன். எனக்கு என்ன, கை இல்லையா?”

ரெஜினா என்னைப் பார்த்தாள். மாப்பிள்ளையும் பார்த்தார். நான் அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். ஒரு வாக்கியம் போதும். அவர் முகத்தைப் பார்த்தேன்.

“உங்க இஷ்டம்,” என்றேன். ரெஜினா வேறு வழியில்லாமல் அலமாரியிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தாள்.

மார்ச் 22, ஞாயிறு

விழுந்துவிட்டார்கள்.

டீக்கடைத் திருப்பத்தில் ஓர் ஆடு குறுக்கே வந்திருக்கிறது. மற்றவர்களாக இருந்தால் பிரேக் பிடித்து, ஆட்டுக்காரனை நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருப்பார்கள். வண்டி மணல் குவியலில் ஏறிச் சாய்ந்துவிட்டது. ஜோஷ்னாவுக்கு இடது மணிக்கட்டில் எலும்பு விட்டிருக்கிறது. மாவுக்கட்டுப் போட்டிருக்கிறார்கள். அவருக்கு முழங்கால் சிராய்ப்பு.

பிள்ளை அழவில்லை. “தாத்தா மேல தப்பு இல்ல அம்மாச்சி, ஆடுதான் பாக்காம வந்துச்சு,” என்றது.

அவர் கட்டிலில் உட்கார்ந்து வலது கையை உள்ளங்கை மேலாகத் திருப்பி வைத்துக்கொண்டு, அதையே பார்த்தபடி என்னிடம் சொன்னார். “பிரேக்க அமுக்கணும்னு நெனச்சேன் ஜெசி. வெரலு மடங்க மாட்டேன்னுருச்சு. தைக்கிறப்ப நல்லாத்தான இருக்கு? இது எப்படி?”

மகள், மாப்பிள்ளை, பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் நின்றார்கள். நான் மஞ்சள் பற்று அரைக்கப் போய்விட்டேன்.

மார்ச் 23, திங்கள்

காலையில் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை.

“அந்த வரிசையெல்லாம் நீங்க தச்சது இல்ல. நீங்க தூங்குறப்ப பிரிச்சுட்டு நான் தச்சது.”

அவருக்குப் புரிய நேரமானது. “எல்லாமுமா?”

“எல்லாமும்.”

“அப்ப நான் தச்சது எப்படி இருந்துச்சு?”

காபித் தம்ளரை எடுத்துக்கொண்டு அடுப்படிப் பக்கம் திரும்பினேன்.

“சொல்லு. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் மார்க் போட்டவதான நீ.”

“நல்லா இல்ல,” என்றேன்.

ரெஜினா மாடிப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். இறங்கி வந்தாள். அவள் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவள் கத்தவில்லை. “அதப் பாத்துத்தாம்மா டாக்டர் மாத்திரைய ஏத்தாம விட்டாரு.”

“வீட்டுல தையல் ஒழுங்கா இருக்கணும்னுதான் செஞ்சேன். எனக்குக் கோணலப் பாக்கச் சகிக்காது, உனக்கே தெரியும்.”

அவள் போர்வையை எடுத்து வந்து என் முன்னால் விரித்தாள். “இது நான் தச்சது. இது உன் மாப்பிள்ளை தச்சது. இது ஜோஷ்னா. எது நேரா இருக்கு? எங்களத ஏம்மா தொடல?”

பதில் இருக்கிறது. அவள் கோணல் அவளுடைய சோம்பேறித்தனம், மாப்பிள்ளையின் கோணல் அவருடைய அறியாமை. அதையெல்லாம் பார்த்துச் சிரிக்கலாம். அவருடைய கோணலைப் பார்த்துச் சிரிக்க முடியாது. அதனால்தான் பிரித்தேன். இதை அவளிடம் சொல்லவில்லை.

அவர் எழுந்தார். “ஜெசி, நடுக்கம் எனக்கு. வெட்கம் ஒனக்கா?” என்று கேட்டுவிட்டு அறைக்குள் போனார். கோபமாகச் சொன்னதுபோல்கூட இல்லை. என்னைப் பார்த்த பார்வையில் இளக்காரம் இருந்தது. அது நான் மற்றவர்களைப் பார்க்கிற பார்வை. எனக்கு அடையாளம் தெரியாதா?

மார்ச் 25, புதன்

அறையிலேயே சாப்பிடுகிறார். கதவைச் சாத்திக்கொள்கிறார். தட்டைத் திரும்ப எடுக்கும்போது தரையைத் துடைத்துவிட்டுத்தான் கொடுக்கிறார், எனக்குத் தெரியக் கூடாது என்று.

ரெஜினா டாக்டருக்குப் பேசி நடந்ததைச் சொன்னாள். மாத்திரையைக் கூட்டியிருக்கிறார்கள்.

மார்ச் 27, வெள்ளி

போர்வையை யாரும் தொடவில்லை. டி.வி.யும் போடவில்லை. கூடத்தில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருக்கிறோம். இதுதான் உண்மையான ஒறுத்தல்.

மாப்பிள்ளை அடுப்படி வாசலில் வந்து நின்றார். “அத்தை, ஒண்ணு சொல்லலாமா?”

“சூப்பர்னு மட்டும் சொல்லாதீங்க.”

“நாங்க யாரும் போர்வைக்காக உக்காரல. விரலுக்கு தினம் வேலை குடுக்கணும்னு டாக்டர் சொன்னாரு. எக்சர்சைஸ்னு சொன்னா மாமா செய்ய மாட்டாரு. தனியா உக்காந்து தைக்கச் சொன்னா அவருக்கு ஒரு மாதிரியா இருக்கும். எல்லாரும் சேந்து, எல்லாரும் கோணலாத் தச்சா, அவரோடது தனியாத் தெரியாதுன்னு ரெஜிதான் யோசிச்சா.”

“இத எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமே?”

“சொல்லியிருந்தா நீங்க…” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். நாலு பக்கமும் நாலு அளவாக வெட்டுகிறவர், வாக்கியத்தை மட்டும் சரியான இடத்தில் வெட்டினார்.

மாப்பிள்ளை போன பிறகு அடுப்பை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன்.

மார்ச் 29, குருத்து ஞாயிறு

ரெஜினா கெஞ்சிக் கூப்பிட்டதால் கோயிலுக்கு வந்தார். என்னோடு பேசவில்லை. பவனியில் எல்லோர் கையிலும் குருத்தோலை. ஓசன்னா பாடும்போது கோயில் முழுக்க ஓலைகள் ஆடின. அவர் கையில் இருந்ததும் ஆடியது. அத்தனை ஓலைக்கு நடுவில் அதை யாரும் பார்க்கவில்லை. அவர் ஓலையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார். இந்த ஆறு மாதத்தில் அந்தக் கையைச் சட்டைப் பைக்குள் விடாமல் அவர் கோயிலில் நின்றது இன்றைக்குத்தான்.

நான் பாட்டு வரியைத் தவறவிட்டேன். எனக்குப் பின்னால் ஸ்டெல்லா சுருதி இல்லாமல் கத்திக்கொண்டிருந்தாள். அவளை முறைக்கக்கூடத் தோன்றவில்லை.

ஏப்ரல் 2, பெரிய வியாழன்

மதியம் போர்வையை எடுத்து அவர் பக்கத்தில் நான் போட்ட தையல் அத்தனையையும் பிரித்தேன். பிரித்த இடத்தில் ஊசித் துளைகள் தெரிந்தன. பழைய பாப்ளின், துளை சீக்கிரம் மூடாது. என்னுடைய துளைகள் ஒரே கோடாக இருந்தன. அதைச் சுற்றி மேலும் கீழுமாக அவருடைய துளைகள். எண்ணிக்கையில் அவருடையவைதான் அதிகம். நான் ஒரு தடவை குத்திய தூரத்துக்கு அவர் எத்தனை தடவை குத்தியிருக்கிறார்! கேலி செய்துகொண்டே தைத்துக்கொண்டிருந்ததில் இதை நான் பார்க்கவே இல்லை. எனக்கு வெறுப்பாக இருந்தது. அவர் மேல் இல்லை.

அறைக்குள் கொண்டுபோய்க் கட்டிலில் வைத்தேன்.

“என்னோடத எடுத்துட்டேன். உங்க இடம் காலியா இருக்கு. இனிமே தொட மாட்டேன்.”

சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

எங்கள் வீட்டில் இன்றைக்கு யாரும் ஊசி எடுப்பதில்லை. கஞ்சி. மௌனம். போர்வை அவர் கட்டில் மேல்தான் இருக்கிறது, தரையில் தள்ளிவிடவில்லை.

ஏப்ரல் 4, சனி

சாயங்காலம் போர்வையைத் தூக்கிக்கொண்டு அவராகவே கூடத்துக்கு வந்தார். ரெஜினா ஊசி கோத்துக் கொடுத்தாள். மாப்பிள்ளை இறங்கி வந்து தன் மூலையைப் பிடித்துக்கொண்டார். ஜோஷ்னா கட்டுப் போட்ட கையால் துணியை அமுக்கிப் பிடித்தாள்.

நானும் உட்கார்ந்தேன், அவர் பக்கத்தில். எனக்கும் ஓர் ஊசி கொடுத்தார்கள். அவர் ஒரு தையலுக்கு நாலு தடவை குத்தினார். நூல் மேலே ஏறியது. துணியை இழுத்துச் சரி செய்ய என் விரல் துடித்தது. விரலை மடியில் இறுக்கிக்கொண்டேன். முப்பத்தொரு வருட வேலையில் இவ்வளவு கஷ்டமான பாடம் எனக்கு வந்ததில்லை.

ராத்திரி ஈஸ்டர் பாஸ்கா பூசைக்குக் கிளம்புவதற்குள் ஒரு சாண் தைத்திருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“என்ன டீச்சரம்மா, கண்ணு வலிக்குதா?”

பன்னிரண்டு நாளைக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு, கேலியாகத்தான் வந்தது.

“இல்ல,” என்றேன்.

ஏப்ரல் 5, ஈஸ்டர்

மதியச் சாப்பாட்டுக்கு ஸ்டெல்லாவைக் கூப்பிட்டிருந்தோம். மட்டன் பிரியாணி, தயிர்ப் பச்சடி, கத்தரிக்காய்க் கொத்சு. மேசையில் எல்லோரும் உட்கார்ந்தோம். அவரும் அறையிலிருந்து வந்து உட்கார்ந்தார், வலது கையை மடியில் வைத்துக்கொண்டு.

ஸ்டெல்லா உட்காரவில்லை. கை கழுவிவிட்டு வரும்போதே சோபாவில் கிடந்த போர்வையைத் தூக்கிப் பிடித்து ஆராய்ந்தாள். அவளுக்கு ரன்னிங் ஸ்டிச்சுக்கும் சணல் கட்டுவதற்கும் வித்தியாசம் தெரியாது. ஆனாலும் சரியாக அந்த வரிசையில் போய் விரலை வைத்தாள்.

“இது நம்ம ஜோஷ்னா தச்சதுதான? பாவம், கட்டுப் போட்ட கையோட எப்படிக் கஷ்டப்பட்டிருக்கு பாருங்க. ஏன் டீச்சர், நீங்களாவது சரி பண்ணிக் குடுத்திருக்கக் கூடாதா?”

அவர் தட்டைப் பார்த்தார். ரெஜினா முந்திக்கொண்டு, “ஆமா அத்தை, ஜோஷ்னாதான்…” என்று தொடங்கிவிட்டாள்.

“இல்ல,” என்றேன். “அது எங்க வீட்டுக்காரர் தச்சது. அவருக்கு பார்க்கின்சன் வந்திருக்கு. கை நடுங்கும். பிரேக் பிடிக்க வரல, அதான் அன்னிக்கு வண்டி சாஞ்சுது. தைக்க வருது. அந்த வரிசை முழுக்க அவரே தச்சாரு.”

அந்தப் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை. சொல்லும்போது நாக்கு ஒன்றும் வெந்துபோய்விடவில்லை.

“அய்யோ டீச்சர்! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லவே இல்லையே நீங்க?”

“இப்பச் சொல்லிட்டேன். உக்காருங்க, பிரியாணி ஆறுது.”

நாளைக்குள் ஸ்டெல்லா பொன்மலைப்பட்டி முழுக்கச் சொல்லிவிடுவாள், சந்தேகமே இல்லை.

அவர் வலது கையை மடியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று அப்படியே வைத்திருந்தார். பிறகு தயிர்ப் பச்சடிக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்து, கரண்டியால் எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டார். பாதி தட்டில் விழுந்தது. பாதி நான் தைத்த வெள்ளை மேசை விரிப்பில் கொட்டியது.

துணி என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் எழுந்திருக்கவில்லை. எனக்கும் கொஞ்சம் பச்சடி போடச் சொல்லித் தட்டை அவர் பக்கம் நகர்த்தினேன்.